கழனிக்கு எக்ஸெல்தான்

எக்ஸெல் வேண்டாம், பைக் எடு. செஞ்சி பக்கத்து அனந்தபுரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஒரு விவசாயக் குடும்பம் வண்டி வாங்கக் கிளம்பினால் காதில் விழும் முதல் அறிவுரை இதுதான். மச்சான் சொல்கிறார், மாமனார் சொல்கிறார், ஷோரூமில் நிற்கும் தம்பி சொல்கிறார், யூடியூபில் வண்டி விமர்சனம் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். "இன்னும் எத்தினி வருஷத்துக்கு மாமா இந்த டிவிஎஸ் வண்டியையே ஓட்டுவீங்க? பையனுக்குக் கல்யாண வயசு வந்துடுச்சு, ஒரு பைக் எடுத்து நிறுத்துங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, இரண்டு மாடு கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு போகம் நெல்லும் ஒரு போகம் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடுகிற குடும்பத்துக்கு இது நஷ்டம் தரும் அறிவுரை.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுசாகக் கேட்டுவிடுவோம். இரண்டு வண்டியுமே ஏறக்குறைய நூறு சிசி. ஊரில் அதிகம் விற்கும் ஸ்பிளெண்டர் 97.2 சிசி, டிவிஎஸ் எக்ஸெல் 100 என்கிற மொபெட் 99.7 சிசி. ஆனால் பைக் எட்டுக் குதிரைத்திறன் தருகிறது; எக்ஸெல் நாலேகால் சொச்சம்தான். பைக்குக்கு நாலு கியர், எக்ஸெல்லுக்கு ஒன்றே ஒன்று. பைக்கின் சக்கரம் 18 அங்குலம், எக்ஸெல்லுக்கு 16. டேங்க் பைக்கில் 9.8 லிட்டர், எக்ஸெல்லில் 4. மைலேஜிலும் பைக் ஒரு படி மேல். விழுப்புரம் போகலாம், புதுச்சேரி போகலாம், மேல்மலையனூர் அமாவாசைக்குக் குடும்பத்தோடு போகலாம். காலையில் கழனிக்கு, மாலையில் கல்யாணத்துக்கு, இரண்டுக்கும் ஒரே வண்டி. இத்தனை இருக்கும்போது எதற்கு எக்ஸெல் என்பது அவர்கள் கேள்வி.

இந்த எண்களில் ஒன்றும் பொய்யில்லை. எல்லாமே தார்ச்சாலையை மனசில் வைத்துப் பார்க்கிற எண்கள் என்பதுதான் சிக்கல். அந்த வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை ஓட்டப்போவது ஏரிக்கரை மேலும் வண்டிப்பாதையிலும் ஒன்றரை அடி வரப்பிலும். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

ஒன்று. சுமை எங்கே உட்காரும் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? கழனிக்குப் போகும் வண்டி வெறும் வண்டியாகப் போவதே இல்லை. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. முன்பு 50 கிலோவாக இருந்ததை 2018-இல் குறைத்தார்கள். டிஏபி இன்னும் 50 கிலோ. கூட்டுறவு சங்கத்து வாசலில் தனியாளாக நின்று அந்த மூட்டையை ஏற்றிப் பாருங்கள். எக்ஸெல் என்றால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மூட்டையின் காதைப் பிடித்து வண்டிப் பக்கம் சாய்த்து, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள தளத்தில் போய் நின்றுகொள்ளும். தூக்க வேண்டிய உயரம் ஓரடி சொச்சம். பைக்கில் அந்த இடத்தை டேங்கும் என்ஜினும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூட்டை பின்சீட்டுக்குத்தான் போயாக வேண்டும். சீட்டு உயரம் 785 மில்லிமீட்டர், இரண்டரை அடிக்கு மேல். அவ்வளவு உயரத்துக்கு 45 கிலோவைத் தூக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயசுக்காரர் தனியாகத் தூக்கினால் அன்றைக்கு இரவே இடுப்பு பேசும்.

ஏற்றிய பிறகு என்ன ஆகிறது என்பது அதைவிட முக்கியம். பின்சீட்டில் கட்டிய மூட்டையின் பாரம் பின்சக்கரத்தின் மேலும் அதற்குப் பின்னாலும் விழுகிறது. முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. தார்ச்சாலையில் இது தெரியாது. மடை தாண்டும்போது தெரியும். ஏரிக்கரையிலிருந்து வண்டிப்பாதைக்கு இறங்கித் திரும்பும்போது தெரியும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். எக்ஸெல்லில் அதே மூட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாரம் தாழ்ந்து இருக்கிற வண்டி குண்டும் குழியுமான பாதையில் குறைவாகத்தான் ஆடும்.

கால் விஷயம் ஒன்று இருக்கிறது. பைக்கில் இடது கால் கியருக்கு, வலது கால் பிரேக்குக்கு. பக்கவாட்டில் பால் கேன் தொங்கினாலும் புல்லுக்கட்டு பிதுங்கினாலும் அந்தக் கால்களுக்கு இடைஞ்சல்தான். எக்ஸெல்லில் மாற்றக் கியரும் இல்லை, பிடிக்கக் கிளட்ச் லீவரும் இல்லை, பிரேக் இரண்டும் கையில். வழுக்கும் இடத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றியே வண்டியை நகர்த்திவிடலாம், வண்டியின் எந்த வேலையும் நிற்காது. பின்சீட்டைக் கழற்றி வைத்தால் கேரியர் முழுசாகக் கிடைக்கும். பழைய சைக்கிள் டியூப் இரண்டு இருந்தால் மருந்து டப்பா, பதினாறு லிட்டர் ஸ்பிரேயர், மண்வெட்டி எல்லாம் ஒரே தடவையில் போய்விடும்.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு நியாயம் உண்டு. ஊரில் எக்ஸெல்மேல் மூன்று மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். ஆரக்கம்பி ஒடிகிறது, சேஸ் விரிசல் விடுகிறது, வண்டியைத் திட்டுகிறார்கள். இந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட பாரம், ஓட்டுகிறவரையும் சேர்த்து, 130 கிலோ. அறுபத்தைந்து கிலோ ஆள் ஒரு யூரியா மூட்டையோடு போனால் 110, இடம் இருக்கிறது. இரண்டு மூட்டை என்றால் 155, இடமில்லை. நம் பக்கத்து நெல் மூட்டை 75 கிலோ. அதில் ஒன்றே ஒன்றை ஏற்றினாலும் கணக்கு 140-க்குப் போய்விடுகிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுபோக எக்ஸெல்லும் சரிப்படாது, பைக்கும் சரிப்படாது. நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வேன் பிடித்துக்கொள்வதுதான் முறை. பைக்கில் சுமை அதிகம் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் அந்த பைக் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து போவதற்காகத்தான் அதன் சட்டமும் ஷாக் அப்சார்பரும் கணக்கிடப்பட்டிருக்கின்றன.

இரண்டு. எட்டுக் குதிரை வரப்பில் எங்கே ஓடும்? பைக்கின் அந்த எட்டுக் குதிரைத்திறன் என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது கிடைப்பது. வரப்பில் நாம் போகும் வேகம் மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே என்ஜின் அந்த உச்சத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. எக்ஸெல்லின் இழுவை அதிகபட்சம் கிடைப்பது 3,500 சுற்றிலேயே. பைக்குக்கு அது 6,000 சுற்றில். மெதுவாகப் போவதற்கென்றே செய்யப்பட்ட என்ஜின் ஒன்று, வேகமாகப் போவதற்குச் செய்யப்பட்டு மெதுவாக ஓட்டப்படும் என்ஜின் இன்னொன்று. இரண்டாவதை வரப்பில் ஓட்ட, கிளட்சைப் பாதி பிடித்தபடியே போக வேண்டியிருக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்கிறது, இடது கை மரத்துப் போகிறது. எக்ஸெல்லின் கிளட்ச் என்ஜின் வேகத்தைப் பொறுத்துத் தானே பிடித்துத் தானே விடும்.

கியர் இல்லாத வண்டி செங்குத்து ஏற்றத்தில் திணறும் என்பது உண்மை. முதல் கியரில் பைக் ஏறும் இடத்தில் பாரத்தோடு எக்ஸெல் நின்றுவிடலாம். கல்வராயன் மலையில் கழனி வைத்திருப்பவர் பைக் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. அனந்தபுரத்துக் கழனிகள் சமவெளியில் இருக்கின்றன. செஞ்சிக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கின்றன என்பதற்காக நாம் அவற்றின் மேல் உழுவதில்லை. நம் பாதையில் வரும் பெரிய ஏற்றம் ஏரிக்கரைச் சரிவு. அதில் கொஞ்சம் ஓட்டம் எடுத்து ஏறிவிடலாம், மழை ஊறிய நாளில் இறங்கித் தள்ளலாம். தள்ளுவது என்று வந்தால் எடை பேசும். பைக் 112 கிலோ. எக்ஸெல் மாடலைப் பொறுத்து 90 கிலோவுக்குள். சேற்றில் சக்கரம் புதைந்த வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கரையில் வைத்தவருக்கு இந்த இருபத்து சொச்சம் கிலோவின் அருமை தெரியும்.

கழனிக்கேற்ற எளிய வண்டியை எடுப்பதை நம் ஊர்ப் பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடு மாடு மேய்க்கும் பண்ணைகளில், கழனிக்கென்றே தனியாகச் செய்த பைக்குகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. யமஹா ஏஜி100, ஏஜி200 என்ற வண்டிகளைப் பாருங்கள்: முன்னாலும் பின்னாலும் அகலக் கேரியர், சரிவில் எந்தப் பக்கமும் நிறுத்த இரண்டு பக்கமும் சைடு ஸ்டாண்டு, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாத சாதுவான என்ஜின். ஹோண்டா சிடி110 என்ற இன்னொரு வண்டி கிளட்ச் லீவரே இல்லாதது, டேங்க் காலுக்கு நடுவில் வராதது. ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் நெடுங்காலம் ஓட்டியதும் அதைத்தான், பண்ணைக்காரர்கள் விரும்பியதும் அதைத்தான். பெரிய பைக் வாங்கப் பணமில்லாதவர்கள் இல்லை அவர்கள். வேலைக்குத் தக்கபடி வண்டியைக் கேட்டு வாங்கினார்கள்.

மூன்று. மைலேஜ் கணக்கை யாராவது கடைசிவரை போட்டிருக்கிறார்களா? பைக் அதிகம் கொடுக்கிறது, சரி. எக்ஸெல் லிட்டருக்கு 50, பைக் 65 என்றே வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கழனிக்கும், பால் சொசைட்டிக்கும், உரக்கடைக்கும் போய்வர ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர். வருஷத்தில் 300 நாள் என்றால் 3,000 கிலோமீட்டர். எக்ஸெல்லுக்கு 60 லிட்டர், பைக்குக்கு 46 லிட்டர். மிச்சம் 14 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,400 ரூபாய். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் ஏறக்குறைய 25,000 ரூபாய். அந்த வித்தியாசத்தைப் பெட்ரோலில் திரும்ப எடுக்கப் பதினேழு, பதினெட்டு வருஷம் ஆகும். கடனில் வாங்கினால் அந்த 25,000-க்கும் வட்டி ஓடும், அப்போது இன்னும் அதிகம். வண்டியின் ஆயுளே முடிந்துவிடும்.

நாலு லிட்டர் டேங்க் சின்னது என்பார்கள். ஒருமுறை நிரப்பினால் 200 கிலோமீட்டர். மேலே சொன்ன கணக்கில் அது இருபது நாள்.

தமிழ்நாட்டு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் சிறு, குறு விவசாயிகள். இந்த அளவு நிலத்தில் 25,000 ரூபாய் என்பது மல்லாட்டை போகத்தின் விதைச் செலவைத் தாங்கும் பணம். புல் நறுக்கும் மெஷினுக்கோ பவர் ஸ்பிரேயருக்கோ போகவேண்டிய பணம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் டிஎம்வி ரக மல்லாட்டையை உருவாக்க விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக உழைத்தது ஏக்கருக்கு நாலு மூட்டை கூட எடுக்கத்தான். அப்படிக் கூடுதலாக எடுத்த மூட்டையின் காசைக் கொண்டுபோய், கழனிக்கு உதவாத குதிரைத்திறனுக்குக் கட்டச் சொல்வது என்ன நியாயம்?

நான்கு. வீட்டில் எத்தனை பேர் அந்த வண்டியை ஓட்டப் போகிறார்கள்? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. பைக் வாங்கும் பேச்சில் இதை யாரும் எடுப்பதே இல்லை. பைக் வந்த வீட்டில் அதை ஓட்டுபவர் ஒருவர், மிஞ்சினால் இருவர்: அப்பாவும் மகனும். அம்மா ஓட்டுவதில்லை. டேங்கைத் தாண்டிக் காலைப் போட வேண்டும். புடவையில் அது முடியாது. கிளட்சும் கியரும் பழக வேண்டும். சொல்லிக் கொடுக்க யாருக்கும் பொறுமையில்லை. 112 கிலோ வண்டி சாய்ந்தால் நிமிர்த்த முடியாது.

ஆனால் மாட்டைப் பார்ப்பது யார்? விடியலில் கொல்லைக்குப் போய்ப் புல் அறுப்பது யார்? அறுத்ததைக் கட்டித் தலையில் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மைல் நடந்து வருவது யார்? மகனின் பைக் வாசலில் துடைத்து நிறுத்தியிருக்கும் வீட்டிலேயே அந்த அம்மா புல்லுக்கட்டோடு நடந்து வருவதை நம் தெருக்களில் தினம் பார்க்கிறோம். எழுபதாயிரம், எண்பதாயிரம் கொடுத்து வாங்கிய வண்டி வீட்டின் கனமான வேலையைச் செய்கிறவருக்கு ஒரு பயனும் இல்லாமல் நிற்கிறது. எக்ஸெல் இருக்கும் வீட்டில் அப்படி இல்லை. நாற்பது வயசுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் அனந்தபுரம் சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு வருகிறார்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறார்கள், நடவுக்குப் போகும்போது அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். காலை நடுவில் வைத்து உட்காரலாம், புடவை தடுக்காது. அறுபதைத் தாண்டிய தாத்தாவுக்கும் அதே வசதி.

அரசாங்கத்துக்கு இது புரிந்திருந்தது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் கியர் இல்லாத வண்டிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. வண்டி ஒரு பெண்ணின் நடையையும் நேரத்தையும் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று தெரிந்து போட்ட நிபந்தனை அது. வீட்டுக்குள் நாம் அந்தக் கணக்கைப் போட மறுக்கிறோம்.

பெண்களுக்கு என்றால் ஸ்கூட்டர் வாங்கலாமே என்று சிலர் திரும்புகிறார்கள். ஸ்கூட்டரிலும் கால் வைக்கும் தளம் உண்டு, மூட்டை நிற்கும். ஆனால் அதன் சக்கரம் 10 அங்குலம், 12 அங்குலம். வண்டிப்பாதையின் மாட்டுவண்டித் தடத்தில் அந்தச் சக்கரம் விழுந்தால் எழுந்திருக்காது. சுற்றிலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக்கை ஒரு அறுவடைக் காலத்துக்குள் கருவேல முள்ளும் கல்லும் கிழித்துவிடும். ஊருக்குள் ஓட்ட ஸ்கூட்டர் நல்ல வண்டி, கொல்லைக்கு வேண்டாம்.

ஐந்து. "எக்ஸெல் பாதுகாப்பில்லாத வண்டி" என்கிறார்கள். எங்கே? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நாலு வழிச் சாலையில் என்றால், ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். மணிக்கு அறுபதைத் தாண்டத் திணறும் வண்டியை, ஆம்னி பஸ்கள் தொண்ணூறில் போகும் சாலையில் ஓட்டக்கூடாது. பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் அடிக்கும் காற்றே அதைத் தள்ளும். பிரேக் டிரம்மும் சின்னது. அந்தச் சாலைக்குப் பைக் ஓரளவு மேல் என்றாலும், அதையும் பாதுகாப்பான வண்டி என்று நினைத்து ஏறுவது ஆபத்து. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகப் பஸ் இருக்கிறது. எப்போதோ போகும் அந்த நெடுஞ்சாலைப் பயணத்தை முன்னிறுத்தி, தினம் போகும் கழனிப் பயணத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் யோசனை.

எக்ஸெல்லை மட்டமாக நினைப்பதே இன்னொரு ஆபத்தை உண்டாக்கியிருக்கிறது. "எக்ஸெல்தானே" என்று ஹெல்மெட் போடுவதில்லை. "டிவிஎஸ் ஃபிஃப்டிதானே" என்று பத்தாவது படிக்கும் பையனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்தப் பழைய ஐம்பது சிசி வண்டிக் கணக்கு இன்னும் மனசில் ஓடுகிறது. பதினாறு வயசில் ஓட்டச் சட்டம் இடம் கொடுப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இன்றைய எக்ஸெல் அதைப்போல் இரண்டு மடங்கு. பதினெட்டு ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றவர் மேல் வழக்கு. 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் வரலாம். தலை தரையில் மோதும்போது வண்டி எக்ஸெல்லா பைக்கா என்று தரை பார்ப்பதில்லை. எக்ஸெல்லையும் ஒரு முழு வண்டியாக மதித்தால் இந்த அலட்சியம் குறையும்.

ஆறு. கையில் பணம் இருக்கிறது, நாலு சக்கர ஏடிவியே வாங்கினால் என்ன என்கிற புதுக் குரலும் கேட்கிறது. சென்னையிலிருந்து வந்து திண்டிவனம் பக்கம் பண்ணை நிலம் வாங்கிப் போடுகிறவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொழுதுபோக்குக்கு அதை ஓட்டிப் பார்த்த ஆசையில் கேட்கிறார்கள்.  போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போன்ற ஒரு வண்டியின் அகலம் நாலு அடி. நம் வரப்பு ஒன்றரை அடி. அண்டை வெட்டி வெட்டி அதையும் பக்கத்துக் கழனிக்காரர் ஓரடியாக்கி வைத்திருக்கிறார். விலை பல லட்சம்; அதற்குப் பழைய டிராக்டரே வாங்கலாம். பெரும்பாலான ஏடிவிகளைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்யவும் முடியாது. வீட்டுக்கும் கழனிக்கும் நடுவே தார்ச்சாலை ஒன்று குறுக்கே போனால், அதைக் கடப்பதே சட்டமீறல்.

பாதுகாப்பிலும் அது பெருமைப்படும்படி இல்லை. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இந்த வண்டி கவிழ்ந்து, அதனடியில் நசுங்கி, வருஷா வருஷம் ஆட்கள் செத்தார்கள். கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வளைவுச்சட்டம் இல்லாமல் பண்ணை ஏடிவியை விற்கக்கூடாது என்று 2021 அக்டோபரில் அங்கே கட்டாயமாக்கினார்கள். ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்கள் அந்த நாட்டில் அவ்வகை வண்டி விற்பதையே நிறுத்திக்கொண்டன. மலைச்சரிவும் பரந்த மேய்ச்சல் நிலமும் உள்ள ஊரில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வரப்பும் வாய்க்காலும் உள்ள ஊரில் இல்லை.

ஏழு. கடைசியில் எஞ்சுவது மரியாதை. மற்ற எல்லா வாதமும் விழுந்த பிறகு இதைத்தான் சொல்கிறார்கள்: பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் எக்ஸெல் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் மரியாதை என்பது கடன் கிடைப்பதில் இருந்து சம்பந்தம் அமைவது வரை எல்லாவற்றையும் தொடுகிறது. ஆனால் யாருடைய கண்ணில் இந்த அளவுகோல் உருவானது? விளம்பரத்தில் பைக் ஓட்டுகிறவன் எப்போதாவது மூட்டை ஏற்றிப் பார்த்திருக்கிறோமா? மாதத் தவணை கட்ட மாட்டை விற்ற வீடுகள் எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளுக்கு என்ன மரியாதை மிஞ்சியது? எண்பதுகளில் லூனாவும் டிவிஎஸ் ஐம்பதும் நிற்கும் வாசல்தான் வசதியான வாசல். நாற்பது வருஷத்தில் அது தலைகீழாக மாறியிருக்கிறது என்றால், இன்னும் பத்து வருஷத்தில் பைக்குக்கும் அதே கதி வரும், கார் இல்லாத வீடா என்று கேட்பார்கள். அந்த ஓட்டத்தில் இரண்டு ஏக்கர்க்காரர் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற கம்பெனிகள் எல்லாம் மொபெட் செய்வதை எப்போதோ விட்டுவிட்டன. இன்று பெட்ரோல் மொபெட் விற்பது ஒரே ஒரு கம்பெனி, அதுவே ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேல் விற்கிறது. லூனா 2024-இல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. எக்ஸெல் வாங்குகிறவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று நினைத்தால் வருஷத்துக்கு நாலு லட்சம் அறியாதவர்கள் வேண்டும். பூக்காரர், மீன்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், இளநீர் வியாபாரி, பால்காரர் ஆகிய இவர்கள் எல்லோரும் சுமையை வைத்துப் பிழைக்கிறவர்கள். வண்டியின் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்ப்பவர்கள். கௌரவம் பேசி வண்டி வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் அவர்கள் தேர்வு எனக்குப் பெரிய சாட்சி.

பைக்தான் சரி என்று சொல்ல வேண்டிய வீடுகளும் உண்டு. மகன் தினமும் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போய்வருகிறான், பஸ் நேரத்துக்குக் கிடைப்பதில்லை என்றால் அவனுக்குப் பைக் வேண்டும். ஆனால் அது அவனுடைய வேலைக்கான வண்டி. அதைக் கழனிக்கும் சேர்த்து வாங்கியதாகக் கணக்கு எழுத வேண்டாம். அந்த வீட்டுக் கழனிக்கு ஒரு பழைய எக்ஸெல் போதும், முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். நிலமே இல்லாமல் ஊருக்குள் மட்டும் போய்வருகிறவர்களுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

மற்றவர்கள் முன்பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் யார் யார் ஓட்டப் போகிறார்களோ அவர்கள் எல்லோரையும், முக்கியமாக அம்மாவை, கூட்டிக்கொண்டு போங்கள். ஊரில் இரண்டு வண்டியும் யாரிடமாவது இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள். உரக்கடையில் இருந்து ஒரு யூரியா மூட்டையைத் தனியாளாக ஏற்றி, ஏரிக்கரை வழியாகக் கொல்லைவரை போய், இறக்கி, திரும்பி வாருங்கள். முதலில் பைக்கில், அப்புறம் எக்ஸெல்லில். ஹெல்மெட் போட்டுக்கொண்டு.